அரிக்காத படை: எச்.ஐ.வி. தொடர்பான கபோசி சார்கோமா, ஒரு நிகழ்வு ஆய்வு

வேலூர் மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் டேனரி (தோல் பதனிடும் ஆலை) வேலைக்குப் போய்வந்த ஒருவரின் காலில் வந்த படை, அதற்கு வைக்கப்பட்ட பெயர்கள், கடைசியில் தெரியவந்த கபோசி சார்கோமா என்ற ரத்தக்குழாய் சார்ந்த புற்றுநோய், அதற்கான சிகிச்சை ஆகியவற்றின் பதிவு இது. அவருடைய சம்மதத்தோடு எழுதப்படுகிறது. ஆளையும் ஊரையும் காட்டிக்கொடுக்கும் விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன். தோல் நோயாளிகளைப் பார்க்கும் இளம் மருத்துவர்கள், செவிலியர்கள், நம்பிக்கை மைய (எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மைய) ஆலோசகர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதியது.

பின்னணி

அவர் நாற்பதுகளில் இருந்தார். மனைவி, பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள். பல வருடங்களாக டேனரியில் ஈரப் பிரிவில் வேலை. குரோமிய உப்பு ஏற்றிப் பதனிட்ட தோலை டிரம்மிலிருந்து இறக்குவது, 'வெட் ப்ளூ' எனப்படும் அந்த ஈரத் தோலை அடுக்குவது இதெல்லாம் அவர் பொறுப்பு. நாள் முழுக்க ரப்பர் பூட்ஸ். ஒப்பந்தத் தொழிலாளி என்பதால் ஈ.எஸ்.ஐ. அட்டை கிடையாது.

முதலில் இடது பாதத்தின் மேல்புறத்தில் காசு அளவுக்கு ஒரு கருப்புத் திட்டு. பூட்ஸ் உரசி வந்தது என்று விட்டுவிட்டார். அப்புறம் இன்னும் சில திட்டுகள், வலது காலிலும். மருந்துக்கடையில் காட்டியபோது படைக்கென்று ஒரு கிரீம் கொடுத்தார்கள். பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு மூன்றும் கலந்த வகை. குறையவில்லை. ஊரில் ஒரு கிளினிக்கில் அவர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டதுமே 'குரோம் அலர்ஜி' என்று முடிவாகிவிட்டது. இந்தப் பகுதியில் அது எளிதில் வரக்கூடிய முடிவுதான். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று எங்கே போனாலும் குரோமியத்தால் கை கால் தோல் வெடித்துப் போனவர்களைப் பார்க்கலாம். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். நாளுக்கு 20 மில்லிகிராம், சில வாரம் 30. இடையிடையே 'அலர்ஜி ஊசி'. இப்படி ஏறத்தாழ ஐந்து மாதம்.

மாத்திரை தொடங்கியபோது உடம்புக்குக் கொஞ்சம் தெம்பு வந்ததுபோல இருந்ததாம், பசியும் எடுத்ததாம். ஸ்டீராய்டு அப்படித்தான் செய்யும். அதனால் மருந்து வேலை செய்கிறது என்று நம்பினார். ஆனால் திட்டுகள் தடித்தன, எண்ணிக்கை கூடியது, கணுக்கால் வீங்கியது. வீக்கத்தைப் பார்த்த உறவினர்கள் யானைக்கால் என்றார்கள். பக்கத்து வீட்டில் ஒருவர் தொழுநோயாக இருக்குமோ என்று சொன்ன பிறகுதான் குடும்பம் பயந்து எங்கள் தோல் பிரிவுக்கு வந்தது. தொழுநோய் என்ற சந்தேகம் இங்கே எல்லோருக்கும் சட்டென்று வரும். வேலூரை அடுத்த கரிகிரியில் 1955 முதல் தொழுநோய் மருத்துவமனையும் ஆய்வு மையமும் இருக்கிற பகுதி இது. அந்தப் பயம்தான் அவரைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்தது என்பதையும் சொல்லவேண்டும்.

முதலில் கவனித்தவை

இரண்டு பாதங்களிலும் முழங்காலுக்குக் கீழும் சுமார் இருபது திட்டுகளும் கட்டிகளும். பாடப்புத்தகப் படங்களில் கபோசி சார்கோமாவின் புண்கள் ஊதா நிறத்தில் இருக்கும். நம் தோலில் அந்த ஊதா தெரியாது. கரும்பழுப்பாகவோ முழுக் கருப்பாகவோதான் தெரியும். அழுத்திப் பார்த்தால் நிறம் வெளுக்கவில்லை. சில திட்டுகள் தோலின் மடிப்புக் கோடுகளை ஒட்டி நீளவாக்கில் இருந்தன. இடது கணுக்காலில் கெட்டியான வீக்கம்.

"அரிப்பு உண்டா?" என்று கேட்டோம்.

"அரிப்பெல்லாம் இல்லைங்க. பூட்ஸ் போட்டா வலிக்கும், அவ்ளோதான்."

இந்தப் பதில் முக்கியமானது. குரோம் அலர்ஜி அரிக்காமல் இருக்காது. நீர்க்கொப்புளம், செதில், கசிவு, வெடிப்பு என்று வரும்; கையிலும் வரும்; வேலைக்கு லீவு போட்டால் குறையும். இவருக்குக் கை சுத்தமாக இருந்தது. ஐந்து மாதத்தில் அரிப்பைப் பற்றி யாரும் அவரிடம் கேட்கவில்லை. வேலையைக் கேட்டார்கள், அத்தோடு சரி.

டார்ச் அடித்து வாயைப் பார்த்தபோது மேலண்ணத்தில் கருஞ்சிவப்பாக ஒரு தட்டையான திட்டு. நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் சுரண்டினால் வரும் வெள்ளைப் படலம், அதாவது கேண்டிடா பூஞ்சை. ஸ்டீராய்டு சாப்பிடுபவருக்கு அது வரலாம்தான். ஆனால் எட்டு கிலோ எடை குறைந்திருந்ததும், அண்ணத்தில் இருந்த திட்டும் வேறு பக்கம் கைகாட்டின.

தொழுநோய்க்கான சோதனைகளைச் செய்தோம். நரம்புகள் தடிக்கவில்லை, உணர்ச்சி குறையவில்லை. உணர்ச்சி சரியாக இருப்பதை மட்டும் வைத்து தொழுநோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. கட்டி கட்டியாக வரும் ஹிஸ்டாய்டு வகையில் உணர்ச்சி கெடாமலே இருக்கலாம். அதனால் தோல் கீறல் பூச்சு எடுத்தோம். கிருமி இல்லை. குரோமுக்கான ஒட்டுச் சோதனை, அதாவது 0.5 சதவீத பொட்டாசியம் டைகுரோமேட்டை முதுகில் ஒட்டிப் பார்ப்பது, அப்போது செய்யவில்லை. பிரெட்னிசோலோன் உள்ளே இருக்கும்போது அதன் முடிவை நம்ப முடியாது.

சோதனையும் சம்மதமும்

எச்.ஐ.வி. பரிசோதனை வேண்டும் என்று அன்றே தெரிந்துவிட்டது. அதை மற்ற ரத்தப் பரிசோதனைகளோடு சேர்த்து எழுதி அனுப்பிவிடலாம் என்று நினைப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் 2017-ல் நிறைவேறி 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி தகவல் தெரிவித்துச் சம்மதம் பெறாமல் இந்தச் சோதனையைச் செய்யக்கூடாது. சட்டத்தை விடுங்கள், சொல்லாமல் செய்த சோதனையின் முடிவை எப்படிச் சொல்வது?

நம்பிக்கை மைய ஆலோசகர் அவரைத் தனியாக உட்காரவைத்துப் பேசினார். மனைவி வெளியே இருந்தார். அவர் ஒப்புக்கொண்டார். மூன்று வெவ்வேறு சோதனைகளிலும் எச்.ஐ.வி. உறுதியானது. எதிர்ப்பாற்றலைக் காட்டும் சி.டி.4 அணுக்கள் வெறும் 86. வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு, லட்சங்களில்.

எப்படி வந்தது என்று யாரும் தோண்டவில்லை. சிகிச்சைக்கு அது தேவைப்படவில்லை. தேவைப்பட்டது, மனைவிக்குச் சோதனை செய்வது. அதை அவரே வீட்டில் சொல்வதாகக் கேட்டார். ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். அடுத்த முறை மனைவியும் சேர்ந்து வந்தார். "சீக்கு இன்னதுன்னு தெரிஞ்சா போதும்மா, ஆறு மாசமா பேரே தெரியாம மாத்திரை முழுங்கிட்டு இருந்தாரு" என்று ஆலோசகரிடம் சொன்னார். மனைவிக்கு எச்.ஐ.வி. இல்லை, சோதனையில் பிடிபடாத ஆரம்பக் காலத்தைக் கணக்கில் வைத்து மறுபடி செய்தபோதும் இல்லை. தாய்க்கு இல்லையென்றால் தாய் வழியாகப் பிள்ளைகளுக்கு வந்திருக்க வாய்ப்பில்லை. ஆகவே பிள்ளைகளைச் சோதனைக்கு இழுக்கவில்லை. இதைத் தெளிவாகச் சொன்னதில் குடும்பத்துக்குப் பாதிப் பாரம் இறங்கியது.

1986-ல் சென்னையில் எடுக்கப்பட்ட ரத்த மாதிரிகளைச் சோதிக்க அங்கே வசதி இல்லாமல், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குக் கொண்டுவந்து சோதித்தார்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் முதன்முதலில் தெரியவந்தது. அந்த ஊரில், இத்தனை காலம் கழித்தும், ஐந்து மாதம் ஸ்டீராய்டு எழுதப்பட்ட ஒருவருக்கு இந்தச் சோதனை நினைவுக்கு வரவில்லை என்பது யோசிக்கவேண்டிய விஷயம்.

பயாப்சி

பாதத்தில் இருந்த ஒரு கட்டியிலிருந்து நான்கு மில்லிமீட்டர் பஞ்ச் பயாப்சி, அதாவது சோதனைக்கு ஒரு சின்னத் துண்டு, எடுத்தோம். ரத்தக்குழாய் நிறைந்த கட்டி என்பதால் ரத்தம் நிற்க நேரமாகும். அழுத்திப் பிடிக்க ஆள், தையல் எல்லாம் தயாராக வைத்திருந்தோம்.

மனதில் இருந்த சாத்தியங்கள் நான்கு: கபோசி சார்கோமா, பேசிலரி ஆஞ்சியோமடோசிஸ், ஹிஸ்டாய்டு தொழுநோய், ஆழ்ந்த பூஞ்சைத் தொற்று. இரண்டாவது, பார்டோனெல்லா என்ற பாக்டீரியாவால் வருவது. கண்ணுக்குக் கபோசி மாதிரியே இருக்கும், ஆனால் டாக்சிசைக்ளினோ எரித்ரோமைசினோ கொடுத்தால் குணமாகிவிடும். ஆன்டிபயாடிக்கில் தீரும் நோய்க்குக் கீமோதெரபி கொடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே பயாப்சி கட்டாயம்.

அறிக்கையில் கதிர்க்கோல் வடிவ அணுக்கள், அவற்றுக்கிடையே கீறல் போன்ற ரத்த இடைவெளிகள், வெளியே சிந்திய சிவப்பணுக்கள். ரத்தக்குழாய் அணுக்களைக் காட்டும் சி.டி.34 சாயம் ஏறியது, கபோசிக்குக் காரணமான ஹெச்.ஹெச்.வி.-8 வைரஸைக் காட்டும் சாயமும் அணுக்கருவில் ஏறியது. பாக்டீரியாவுக்கும் பூஞ்சைக்குமான சாயங்களில் எதுவும் இல்லை. கபோசி சார்கோமா உறுதியானது.

1872-ல் வியன்னாவில் மோரிட்ஸ் கபோசி இதை விவரித்தபோது வயதானவர்களின் காலில் வரும் நோயாகத்தான் இருந்தது. 1981-ல் அமெரிக்காவில் இளைஞர்களுக்குக் கூட்டமாக வந்தது எய்ட்ஸின் முதல் அடையாளங்களில் ஒன்று. காரணமான ஹெர்பிஸ் வகை வைரஸை 1994-ல் யுவான் சாங்கும் பேட்ரிக் மூரும் கண்டுபிடித்தார்கள். அந்த வைரஸ் இந்தியாவில் குறைவு. அதனால் எச்.ஐ.வி. உள்ளவர்களிடையே கூட இங்கே கபோசி அரிது. அரிது என்பதால்தான் யாருக்கும் தோன்றாமல் போகிறது. அதோடு ஸ்டீராய்டு இந்தக் கட்டியை வளர்த்துவிடும். எதிர்ப்பாற்றலைக் குறைப்பதன் மூலமும், கட்டியின் அணுக்களை நேரடியாகத் தூண்டுவதன் மூலமும். எச்.ஐ.வி. இல்லாமல், உறுப்பு மாற்றத்துக்குப் பின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்களுக்கும் இது வருவதை நினைத்துப் பார்த்தால் புரியும். இவருக்கு மாத்திரை தொடங்கிய பிறகு திட்டுகள் பெருகியது தற்செயலாக இருக்க வாய்ப்பு குறைவு.

எவ்வளவு பரவியிருக்கிறது

மார்பு எக்ஸ்ரேயில் நுரையீரல் சுத்தம். சளியில் காசநோய் இல்லை. மலத்தில் மறைந்த ரத்தம் இல்லை, வயிற்றுத் தொந்தரவும் இல்லை; எனவே எண்டோஸ்கோபி தேவையில்லை என்று முடிவு செய்தோம். சி.டி.4 இவ்வளவு குறைவு என்பதால் மூளையைத் தாக்கக்கூடிய கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையின் ஆன்டிஜென் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்த்தோம், அதுவும் இல்லை. ஹெபடைட்டிஸ் பி இல்லை, சிறுநீரகம் சரியாக இருந்தது.

கட்டி, எதிர்ப்பாற்றல், உடல்நிலை என்ற மூன்று அளவுகோலில் மூன்றுமே மோசமான பக்கம். அண்ணத்தில் தட்டையாக இருந்த திட்டு மட்டும் என்றால் லேசான நிலை. கட்டியால் வந்த கால் வீக்கம் அதை முற்றிய நிலைக்குக் கொண்டுபோய்விட்டது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு ஸ்டீராய்டு. உடனே நிறுத்தவேண்டும் என்று கை பரபரக்கும். ஐந்து மாதம் சாப்பிட்டவருக்கு அட்ரீனல் சுரப்பி தூங்கிப் போயிருக்கும்; திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்துவிடும். சில வாரங்களில் படிப்படியாகக் குறைத்து, காலை நேரக் கார்ட்டிசால் அளவைப் பார்த்த பிறகு நிறுத்தினோம். கிரீமை மட்டும் அன்றே நிறுத்தச் சொன்னோம்.

இரண்டாவது, எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து. காசநோயும் கிரிப்டோகாக்கஸும் இல்லை என்று தெரிந்ததும் தாமதிக்காமல் தொடங்கினோம். டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒற்றை மாத்திரை. அரசுக் கூட்டு மருந்து மையத்தில் இலவசம். லேசான கபோசிக்குப் பல நேரங்களில் இதுவே போதும். எதிர்ப்பாற்றல் ஏற ஏற திட்டுகள் மங்கிவிடும். கூடவே மற்ற தொற்றுகளைத் தடுக்கக் கோட்ரைமாக்சசோல், காசநோய் தடுப்புக்கு ஐசோநியாசிட், அது நரம்பைப் பாதிக்காமலிருக்க பைரிடாக்சின்.

மூன்றாவது முடிவில்தான் விவாதம் நடந்தது. முற்றிய நிலை என்பதால் கூட்டு மருந்தோடு கீமோவும் வேண்டும் என்பதில் புற்றுநோய்ப் பிரிவுக்கும் எங்களுக்கும் வேறுபாடு இல்லை. எந்தக் கீமோ என்பதுதான் கேள்வி. பாக்ளிடாக்சல் நன்றாக வேலை செய்யும், விலை குறைவு. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் நடந்த பெரிய ஆய்வில் பழைய மருந்துகளைவிட அது மேல் என்று நிரூபணமாகியிருக்கிறது. ஆனால் ஒவ்வாமை வராமலிருக்க அதற்கு முன்னால் டெக்சாமெதசோன் கொடுக்கவேண்டும், அதுவும் ஸ்டீராய்டுதான். குறைந்த அளவில் கொடுத்துச் சமாளிப்பவர்கள் உண்டு. இரண்டாவதாக, பாக்ளிடாக்சல் கால் நரம்பைப் பாதிக்கும், ஐசோநியாசிடும் பாதிக்கும். நின்றே வேலை செய்பவருக்குப் பாதம் மரத்துப்போனால் பிழைப்பு போயிற்று. அதனால் லிப்போசோமல் டாக்சோரூபிசின், சதுர மீட்டருக்கு 20 மில்லிகிராம், மூன்று வாரத்துக்கு ஒருமுறை. முன்னதாக எக்கோ எடுத்து இதயம் சரியாக இருப்பதைப் பார்த்தோம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அனுமதி வாங்கியதால் செலவு குடும்பத்தின் தலையில் விழவில்லை. அந்த அனுமதிக்கு ஆன நாட்கள்தான் கீமோவைத் தள்ளிப்போட்டன.

நான்காவது, ஒரு சின்ன விஷயம். சிஸ்டர் ஒருவரின் யோசனை. பாக்கெட்டில் வைத்துக்கொள்ள ஒரு அட்டை. அதில் நோயின் பெயர் கிடையாது. 'இவருக்கு ஸ்டீராய்டு ஊசியோ மாத்திரையோ கொடுக்கும் முன் இந்த எண்ணில் அழைக்கவும்' என்று தமிழில் எழுதியிருந்தது.

நான்காவது வாரம்

கூட்டு மருந்து தொடங்கி நான்காவது வாரம், முதல் கீமோவுக்குக் காத்திருந்தபோது, இடது கால் வீக்கம் முழங்கால்வரை ஏறியது. தொடையில் புதிதாக மூன்று திட்டுகள். காய்ச்சல் இல்லை. எதிர்ப்பாற்றல் திரும்பி வரும்போது வரும் அழற்சி இது. கபோசியிலும் வரும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தோம். சொல்லியிருந்தாலும் வீட்டில் பதற்றம். ஞாயிற்றுக்கிழமை பக்கத்துக் கிளினிக்குக்குப் போயிருக்கிறார்கள். அங்கே வீக்கம் வற்ற ஊசி எடுத்து வைத்தபோது மனைவி அட்டையைக் காட்டினார். அந்த மருத்துவர் உடனே தொலைபேசியில் அழைத்தார். ஊசி போடப்படவில்லை.

காசநோய் சிகிச்சையில் இதே மாதிரி அழற்சி வந்தால் ஸ்டீராய்டு கொடுப்பது வழக்கம். அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவரக் கூடாது. கூட்டு மருந்தையும் நிறுத்தக் கூடாது. நுரையீரலில் ஏதும் வந்திருக்கிறதா என்று எக்ஸ்ரே மறுபடி எடுத்தோம்; சுத்தம். காப்பீட்டு அனுமதியை அவசரம் என்று எழுதி வாங்கி, அந்த வாரமே முதல் கீமோவைக் கொடுத்தோம்.

பிறகு நடந்தது

இரண்டாவது தவணைக்குப் பிறகு கட்டிகள் தட்டையாகத் தொடங்கின. மூன்றாவது தவணை வெள்ளையணுக்கள் குறைந்ததால் ஒரு வாரம் தள்ளிப்போனது. உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து எரிந்தன. இந்த மருந்தின் தெரிந்த பக்கவிளைவு. வேலூர் வெயிலில் சித்திரை மாதம் அது இன்னும் சிரமம். வெந்நீர்க் குளியலை விடவும், தளர்வான செருப்பு போடவும், வெயிலில் நடக்காமலிருக்கவும் சொன்னோம். ஆறு தவணையோடு நிறுத்தினோம்.

அண்ணத்துத் திட்டு மறைந்தது. காலில் கட்டிகள் அமுங்கி, பழுப்புக் கறை மட்டும் மிச்சம். கறை நோய் அல்ல, சிந்திய ரத்தத்தின் இரும்பு. போக வருடங்கள் ஆகலாம். இதை எழுதியே கொடுத்தோம், இல்லாவிட்டால் மறுபடி யாராவது கிரீம் தடவச் சொல்வார்கள். ஆறாவது மாதம் வைரல் லோடு கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கியது. ஒரு வருட முடிவில் சி.டி.4 214. எடை திரும்பியது. கணுக்கால் வீக்கம் முழுதாகப் போகவில்லை. நிணநீர் வழிகள் அடைபட்டுவிட்டால் அவ்வளவுதான் வற்றும். அழுத்தக் காலுறை கொடுத்தோம். பகலில் போடவே மாட்டேன் என்று அடம்பிடித்து, கடைசியில் அதிகாலையிலிருந்து பத்து மணிவரை என்று ஒரு சமரசத்துக்கு வந்தார்.

வேலை

நோயைவிட வேலையைப் பற்றித்தான் அவர் அதிகம் கேட்டார். லீவுக்குச் சான்றிதழ் வேண்டும்; அதில் என்ன எழுதுவீர்கள்? 'மருத்துவ ஓய்வு தேவை' என்று மட்டும் எழுதினோம். எச்.ஐ.வி.யை வெளியில் சொல்வதும், அதைக் காரணம் காட்டி வேலையை விட்டு எடுப்பதும் சட்டப்படி தடை. ஆனால் ஒப்பந்தத் தொழிலாளியை நிறுத்தக் காரணமே சொல்லவேண்டியதில்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும். அதனால் சட்டத்தை மட்டும் நம்பி எதையும் செய்யவில்லை. ஈரத்தில் நிற்கக்கூடாது என்று இரண்டாவது சான்றிதழ் கொடுத்தோம். மேஸ்திரி அவரை உலர்ந்த தோலைத் தரம் பிரிக்கும் இடத்துக்கு மாற்றினார். கூலி கொஞ்சம் குறைவு. டேனரியில் இன்றுவரை அவர் காலில் இருந்தது குரோம் அலர்ஜி என்றே நினைக்கிறார்கள். அவரும் அப்படியே இருக்கட்டும் என்கிறார். பல மாதம் தப்பாக இருந்த பெயர் இப்போது அவருக்குக் கேடயம்.

இனி மாறவேண்டியவை

அரிக்காத, செதில் உதிராத, கருத்துத் தடித்த திட்டுக்கு வாய்வழி ஸ்டீராய்டு தொடங்கும் முன் பயாப்சி எடுக்கவேண்டும். எடுக்க வசதியில்லாத இடத்தில் அனுப்பிவிடவேண்டும். ஸ்டீராய்டு கொடுத்தும் இரண்டு மூன்று வாரத்தில் மோசமாகிறது என்றால் அளவைக் கூட்டுவதற்குப் பதில் நோயின் பெயரைச் சந்தேகிக்கவேண்டும். காலில் படை என்று வந்தாலும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கவேண்டும். இதற்கு டார்ச்சைத் தவிர ஒன்றும் வேண்டாம்.

எங்கள் பிரிவில் இரண்டு மாற்றங்கள் வந்திருக்கின்றன. வேறிடத்தில் நீண்டநாள் ஸ்டீராய்டு சாப்பிட்டு, நோயின் பெயர் உறுதியாகாமல் வருபவர்களுக்கு, அதே நாளில் நம்பிக்கை மையத்தில் பேச ஏற்பாடு. வேண்டாம் என்பவர்களுக்கு வற்புறுத்தல் இல்லை. அடுத்து, முற்றிய கபோசி என்று பயாப்சியில் தெரிந்த அன்றே காப்பீட்டு மனு போவது. எக்கோவுக்கும் மற்ற முடிவுகளுக்கும் காத்திருப்பதில்லை.

அவருடைய தொடர் பரிசோதனைத் தாளில் கபோசி மட்டும் இல்லை. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குச் செதிள் அணுப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடுதல். எச்.பி.வி. என்ற வைரஸால் வரும் மருக்கள் உள்ள பிறப்புறுப்பு, ஆசனவாய்ப் பகுதிகளிலும், கண்ணின் வெள்ளையில் கருவிழியை ஒட்டிய இடத்திலும் அது தொடங்கும். நம் ஊரில் கண்ணில் சதை வளர்ந்தால் வெயிலும் தூசும்தான் காரணம் என்று விட்டுவிடுகிறோம். எனவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும்போது பாதம், நகம், வாய், கண், மருக்கள் என்று முழுத் தோலும் பார்க்கப்படுகிறது. பழைய புகைப்படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம். கடைசியாக வந்தபோது புதிய திட்டு எதுவும் இல்லை. காலுறையின் ரப்பர் தளர்ந்துவிட்டதால் வேறொன்று எழுதிக் கொடுத்தோம்.